காஞ்சிபுரத்தில் திருத்திய ஒரு சொல்

காலை எட்டு மணி பத்து நிமிடம். தாம்பரம் ரயில் நிலையத்தில், சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வரும் காஞ்சிபுரம் வண்டிக்காக நானும் நீனா செர்கேயெவ்னாவும் காத்திருந்தோம். பயணச்சீட்டு ஆளுக்கு இருபது ரூபாய். தொலைவு ஏறக்குறைய அறுபத்தைந்து கிலோமீட்டர். கார் வைத்துக்கொள்ளலாம் என்று முந்தின நாளே சொல்லிப் பார்த்தேன். தன் தம்பி எதில் போய் வந்தானோ அதில் போனால் போதும் என்று நீனா சொல்லிவிட்டார்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. வோல்கா ஆற்றங்கரையில் இருக்கும் சரத்தோவ் என்னும் ஊரில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். செர்கேயெவ்னா என்பது செர்கேயின் மகள் என்று பொருள்படும் தந்தைப் பெயர். ரஷ்யர்களில் வயதில் பெரியவர்களை இரண்டு பெயரும் சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். நான் சென்னையில் இருபது வருடமாக ரஷ்ய மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். சிகிச்சைக்கு வருகிறவர்களோடு மருத்துவமனைகளுக்குப் போவதும், சான்றிதழ்களை மொழிபெயர்த்து முத்திரை போட்டுக் கொடுப்பதும் என் வேலை.

நீனாவின் தம்பி அந்திரேய் மின்னணுப் பொறியாளர். சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரம் நிறுவ வந்தவர், அந்த வேலை முடிந்த பிறகும் இங்கே திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தார். கடைசி ஆறு வருடத்தில் பெரும்பகுதி காஞ்சிபுரத்தில்தான் கழிந்தது. சேலையில் பூவேலை நெய்வதற்காகத் தறிகளின் மேல் ஏற்றியிருக்கும் கம்ப்யூட்டர் ஜக்கார்டு பெட்டிகளைப் பழுதுபார்ப்பது அவருடைய தொழில். சென்ற ஆண்டுக்கு முந்தின கார்த்திகையில் மாரடைப்பு வந்து, நான்கு நாள் மருத்துவமனையில் இருந்து, ஐம்பத்து நான்கு வயதில் இறந்துபோனார். ஊர்க் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். நீனாவுக்கு அப்போது முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. வர முடியவில்லை.

இப்போது வந்திருப்பது தம்பியின் உடல் எச்சங்களைத் தோண்டியெடுத்துச் சரத்தோவுக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்வதற்காக. அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். அடக்கத்தின்போது கையெழுத்துப் போட்டவரிடமிருந்து சம்மதக் கடிதம் வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டவர் ரஃபீக் என்பவர். அந்திரேயோடு பட்டறை நடத்தியவர். அவரைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

9.05. செங்கல்பட்டில் வண்டி இருபது நிமிடம் நின்றது. தேநீர் பன்னிரண்டு ரூபாய். நீனா சர்க்கரை இல்லாமல் கேட்டார். அப்படிக் கிடைக்காது என்றேன். குடித்தார். அதன் பிறகு வண்டி மேற்கே திரும்பி, வில்லியம்பாக்கம், பாலூர் என்று ஒவ்வொரு நிலையமாக நின்று போனது. இடது பக்கம் மரங்களுக்கு நடுவே பாலாற்று மணல் தெரிந்து தெரிந்து மறைந்தது. ஆற்றில் தண்ணீர் இருக்குமா என்று கேட்டார். மழைக்காலத்தில் சில நாள் ஓடும் என்றேன். ஓடாத ஆற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறீர்கள் என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் சொன்னார்.

பழையசீவரம் தாண்டியதும் பையிலிருந்து காகிதக் கோப்பு ஒன்றை எடுத்தார். இறப்புச் சான்றிதழ், அடக்க ரசீது, ரஃபீக்கின் மகள் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்கக் கடிதம், மூன்றுக்கும் ரஷ்ய மொழிபெயர்ப்பு. நான்கு மூலையிலும் என் முத்திரை. பதினைந்து மாதத்துக்கு முன் ஒரு முகவர் வழியாக வந்த வேலை அது. ஒரே மாலையில் மூன்றையும் முடித்துக் கொடுத்தது மங்கலாக நினைவிருந்தது. அந்த முத்திரையிலிருந்த தொலைபேசி எண்ணைப் பார்த்துத்தான் நீனா என்னை அழைத்திருந்தார்.

கடிதத்தின் ஒரு வரியில் விரலை வைத்தார். அந்த வரியில் நான் எழுதியிருந்தது: கடைசிவரை அவருடன் 'யெவோ லூதி' இருந்தார்கள்.

"வீட்டில் அவனுக்கு அம்மா இருந்தாள், நான் இருந்தேன், ஒரு மகன் இருந்தான். எங்களையெல்லாம் விட்டுவிட்டு வந்தான். இங்கே அவனுக்கு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். சாகும்போது சுற்றி நிற்க வேலைக்காரர்கள்" என்றார்.

இதை வாசகருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரஷ்ய மொழியில் லூதி என்றால் மனிதர்கள், மக்கள். தெருவில் போகிறவர்களும் லூதிதான். ஆனால் அதற்கு முன்னால் 'அவருடைய' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் பொருள் புரண்டுவிடும். தமிழில் 'அவருடைய ஆட்கள்' என்றால் காதில் எப்படி விழுமோ, அப்படி. சம்பளத்துக்கு வைத்துக்கொண்டவர்கள், ஏவலுக்கு நிற்கிறவர்கள். நான் பக்கத்தைப் புரட்டி, பின்னால் தைத்திருந்த ஆங்கில மூலத்தைப் பார்த்தேன். 'ஹிஸ் பீப்பிள்' என்று இருந்தது. ஆங்கிலத்தில் பீப்பிள் என்பது யாருக்கும் தெரிந்த சொல். அதனாலேயே அன்று மாலை ஒரு நொடிகூட அதன் மேல் நிற்காமல் போயிருக்கிறேன். அந்தப் பெண் வேலைக்காரர்களை நினைத்து அதை எழுதியிருக்க மாட்டாள் என்று இப்போது பார்த்த உடனே தெரிந்தது.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். எழுதியவளிடமே கேட்டு உறுதி செய்துகொண்டு சொல்வோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம் என்பதுதான் உண்மை. நீனா கோப்பை மூடிப் பையில் வைத்தார். வாலாஜாபாத் வந்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

10.25. காஞ்சிபுரம். பத்து நிமிடம் தாமதம். வாசலில் ஒருவர் ஆட்டோவோடு நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். நீனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார்.

"சென்னைலேர்ந்து வர்றவங்க நீங்கதானே மேடம்? நான் டேவிட். ரஃபீக் பாய் அனுப்சாரு. கேட்கவே தேவையில்ல, மூக்கு அப்படியே அந்திரேண்ணா மூக்கு."

மொழிபெயர்த்தேன். நீனா மூக்கைத் தொட்டுக்கொண்டார்.

சின்ன காஞ்சிபுரத்துக்கு மூன்றரை கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய் வாங்குகிறார்கள். டேவிட் எங்களிடம் எதுவும் வாங்கவில்லை. முகூர்த்த மாதம் என்பதால் பட்டுக்கடைகளின் முன்னால் வெளியூர் வேன்கள் தெருவை அடைத்துக்கொண்டிருந்தன. போகும் வழியெல்லாம் டேவிட் பேசிக்கொண்டு வந்தார். அந்திரேய் பின்சீட்டில் உட்கார மாட்டாராம். ஓட்டுநர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு வருவாராம். செய்யாற்றில் தண்ணீர் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மாகறல் வரைக்கும் போய்க் குளித்துவிட்டு வருவார்களாம். ஒருமுறை செருப்பு ஆற்றோடு போய்விட, வெறுங்காலோடு திரும்பி வந்ததைச் சொல்லிச் சிரித்தார். நான் ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல நீனா தலையை மட்டும் அசைத்தார். அவர் மனதில் டேவிட் 'அவருடைய ஆட்களில்' ஒருவர். முதலாளியைப் பற்றி நல்லதைச் சொல்லும் ஓட்டுநர். அது எனக்குத் தெரிந்தது. பேசாமல் இருந்தேன்.

10.55. வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பின்பக்கம் இரண்டு தெரு தள்ளிப் பட்டறை. பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அறை. இரண்டு பக்கத்து வீடுகளிலும் தறிகள் ஓடுகின்றன. அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. மேசைமேல் திறந்து போட்ட ஜக்கார்டு பெட்டி ஒன்று, சாலிடரிங் கம்பி, பச்சை சர்க்யூட் பலகைகள். ரஃபீக் பாய் ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்த மனிதர். நீனாவைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றும், மகள் நஸ்ரீன் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறாள், அரை நாள்தான், பன்னிரண்டரைக்கு வந்துவிடுவாள் என்றும் சொன்னார்.

நீனா சுற்றி வளைக்கவில்லை. சம்மதக் கடிதத்தை மேசைமேல் வைத்தார். தமிழில் நான் தயாரித்தது. ரஃபீக் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். டேவிட் வாசலில் நின்றபடி, என்ன பாய் என்று கேட்டார். எடுத்துனு போறாங்களாம்பா என்றார் ரஃபீக் பாய். டேவிட் வாயைத் திறந்தார். ரஃபீக் பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கூடப் பொறந்தவங்க கேக்கறாங்க. இல்லன்னு சொல்ல நான் யாருமா?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். தேதியைக் கேட்டு எழுதினார். பேனாவை மூடினார்.

இவ்வளவு எளிதாக முடியும் என்று நீனா எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டுச் சிறிது நேரம் அறையைப் பார்த்தார். பிறகு என்னிடம், தம்பியிடம் மொத்தம் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள், அவர்களெல்லாம் இப்போது எங்கே என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

ரஃபீக் பாய்க்குப் புரியவில்லை. "அவருகிட்ட யாரு வேலை செஞ்சாங்க? அவருதான்மா எங்கிட்ட வேலை செஞ்சாரு. மொத மூணு வருஷம் நான் சம்பளம் குடுத்தேன். அப்புறம் கூச்சமா இருந்துது, சரிபாதி பங்குன்னு வெச்சுக்கினோம். இந்த ரூம்ல நாங்க ரெண்டு பேர்தான். மூணாவது ஆளுக்கு எடம் எங்க இருக்குது?"

இதை ரஷ்ய மொழியில் சொன்னதும் நீனா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படியானால் இந்தக் கடிதத்தில் இருக்கிற அவனுடைய ஆட்கள் யார் என்று கேட்டார். எழுதிய பெண் வரட்டும், அவளையே கேட்டுவிடுவோம் என்றேன்.

12.40. நஸ்ரீன் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். இருபத்து நான்கு வயது. கையில் இரண்டு அடுக்குப் பாத்திரங்கள். வீட்டிலிருந்து குஸ்காவும் தால்சாவும். பட்டறை மேசையை ஒதுக்கி அங்கேயே சாப்பிட்டோம். நீனாவுக்குக் கரண்டி கொண்டுவர மறந்துவிட்டதாக வருத்தப்பட்டாள். நீனா கையாலேயே சாப்பிட்டார், மெதுவாக, தாளில் கணக்குப் போடுகிற கவனத்தோடு.

சாப்பாடு முடிந்து கை கழுவியதும் நான் கோப்பிலிருந்து அவள் கடிதத்தை எடுத்துக் காட்டி, அந்த வரியை ஏன் அப்படி எழுதினாள் என்று கேட்டேன். அவள் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரில ஒரு ஃபார்ம் குடுத்தாங்க ஆன்ட்டி. பேஷண்டுக்கு என்ன உறவுன்னு எழுதணும். அத்தா ஃப்ரெண்டுன்னு எழுதினாரு. அங்க இருந்தவரு, சொந்தக்காரங்க யாரும் இல்லியா, சொந்தக்காரங்களத்தான் உள்ள விடுவோம்னாரு. அந்திரே அங்கிள் ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கினு கேட்டுக்கினு இருந்தாரு. மூஞ்சில இருந்த மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிட்டு, 'நம்ம ஆளுங்க'ன்னாரு. அத்தா, நான், டேவிட் அண்ணன், மூணு பேரையும் கையால காட்டினாரு. ஒரு வெள்ளைக்காரரு அப்படிச் சொன்னதும் அவரு சிரிச்சிட்டாரு. விட்டுட்டாரு. நாலு நாளும் நாங்கதான் மாத்தி மாத்தி இருந்தோம்."

கொஞ்சம் நிறுத்தினாள். "லெட்டர்ல அதத்தான் எழுதணும்னு நெனச்சேன். 'நம்ம'ன்னு போட்டா நான் சொல்ற மாதிரி ஆயிடும். சொன்னது அவரு. அதான் 'ஹிஸ் பீப்பிள்'னு மாத்தினேன். தப்பா ஆன்ட்டி?"

தப்பு இல்லை, நீ சரியாகத்தான் எழுதியிருக்கிறாய் என்று சொன்னேன். பிறகு நீனாவின் பக்கம் திரும்பி, அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஃபார்ம், மாஸ்க், கையால் காட்டியது, எல்லாவற்றையும். 'நம்ம ஆளுங்க' வந்த இடத்தில் எனக்குச் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. ரஷ்ய மொழியில் அதற்கு ஸ்வயீ என்று ஒரு சொல் இருக்கிறது. தன்னவர்கள். கதவைத் தட்டும்போது உள்ளேயிருந்து யார் என்று கேட்டால், வெளியே நிற்கிறவர் சொல்லும் பதில் அது. நம்ம ஆளுதான், திற. பதினைந்து மாதத்துக்கு முன் நான் எழுதியிருக்க வேண்டிய சொல்லும் அதுதான்.

"பிழை இந்தப் பெண்ணுடையது இல்லை, நீனா செர்கேயெவ்னா. என்னுடையது. காலையில் ரயிலில் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை" என்றேன்.

தறிச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. நடந்தது என்னவென்று மற்ற மூவருக்கும் தெரியாது. ஆனால் ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்தது. நீனா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அவன் மகன் கிரீல் இந்தக் கடிதத்தை ஒரே ஒரு தடவைதான் படித்தான். அப்பாவுக்குத்தான் ஆட்கள் இருந்தார்களே என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றி அவன் பேசவே இல்லை. உங்களுக்கு அது ஒரு சொல்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் நஸ்ரீனைப் பார்த்து, தம்பி சொன்னதைத் தமிழில் அப்படியே இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். நீனா திருப்பிச் சொன்னார். 'நம்ம' வந்தது, 'ஆளுங்க' வாயில் வரவில்லை. டேவிட் வாசலிலிருந்து எழுத்துக் கூட்டுவது போல் சொல்லிக் கொடுத்தார். நான்காவது முறை வந்தது.

2.50. கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே, பட்டறையிலிருந்து ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவில் நீனா முன்னால் போய் டேவிட் பக்கத்தில் உட்கார்ந்தார். அறுவை செய்த காலை மடக்க முடியாமல் வெளியே நீட்டிக்கொண்டார். போலீஸ் பார்த்தால் வம்பு என்று டேவிட் சொல்ல, நான் அதை மொழிபெயர்க்க, அவர் கேட்காதது போல் இருந்துவிட்டார். ரஃபீக் பாயும் நானும் பின்னால். நஸ்ரீன் ஸ்கூட்டியில் வந்தாள்.

போகும் வழியில் ரஃபீக் பாய் எனக்குச் சொன்னார்: அடக்கத்துக்கு இடம் கிடைப்பது சுலபமாக இருக்கவில்லை. அந்திரேய் தோட்டத்துக்குரிய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர் இல்லை, ஞானஸ்நானச் சீட்டும் கையில் இல்லை. டேவிட்தான் சபைக் குழுவில் பேசினாராம். அவர்கள் மறுத்தபோது, தன் அப்பாவுக்குப் பக்கத்தில் தனக்கென்று இருக்கும் இடத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், மனம் கஷ்டப்படும் என்றார் ரஃபீக் பாய். அன்று ஒரு தடவை மௌனமாக இருந்து நான் செய்தது போதும் என்று தோன்றியது. தோட்டத்து வாசலில் இறங்கியதும் நீனாவிடம் சொல்லிவிட்டேன்.

சிமெண்டுப் பலகை. மேலே சிலுவை. அந்திரே என்று தமிழில், கீழே ஆங்கிலத்தில், பிறந்த வருடமும் இறந்த வருடமும். பக்கத்தில் டேவிட்டின் அப்பா. நீனா இரண்டு கல்லறையையும் பார்த்தார். ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த மிட்டாய்களைத் தம்பியின் பலகைமேல் வைத்தார். அது அவர்கள் வழக்கம். பிறகு யோசித்து, அதிலிருந்து பாதியை எடுத்துப் பக்கத்துப் பலகையிலும் வைத்தார். கல்லறை ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். நாங்கள் நான்கு பேரும் வேலியோரம் போய் நின்றுகொண்டோம்.

அரை மணி கழித்து என்னைக் கூப்பிட்டார். கைக்குட்டையில் கொஞ்சம் மண்ணை முடிந்து வைத்திருந்தார். அதை அம்மாவின் கல்லறையில் போடுவேன் என்றார். ரஃபீக் பாயிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

"அவன் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லுங்கள்."

சொன்னேன். ரஃபீக் பாய் தலையை ஆட்டிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். டேவிட் போய் ஆட்டோவைத் திருப்பி நிறுத்தினார். சம்மதக் கடிதத்தை நீனா கிழிக்கவில்லை. கோப்பின் கடைசியில் செருகிக்கொண்டார். ஆசிரியர்கள் எந்தத் தாளையும் கிழிப்பதில்லை.

5.50. திரும்பும் வண்டியில் கூட்டம் இல்லை. வாலாஜாபாத் தாண்டியது. பிறகு அவர், அந்தக் கடிதத்தைச் சரியாக மொழிபெயர்த்து, பழைய மொழிபெயர்ப்பு தவறு என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தர வேண்டும், கிரீலிடம் காட்ட வேண்டும் என்றார். மடியில் பையை வைத்து அங்கேயே எழுதினேன். 'ஸ்வயீ' என்ற சொல் ரஷ்ய மொழியில் வெறும் நான்கு எழுத்து. அதன் கீழே, இறந்தவர் இதைத் தமிழில் சொன்னார் என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். அவர் வாங்கிப் படித்தார். ஒரு இடத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. அதைத் தானே போட்டுவிட்டு மடித்து வைத்தார். முத்திரையை மறுநாள் காலையில் அவர் தங்கியிருக்கும் விடுதிக்கே கொண்டுவந்து போட்டுத் தருகிறேன் என்றேன்.

7.55. தாம்பரம். அவர் செவ்வாய்க்கிழமை ஊர் திரும்ப வேண்டும். நடுவில் இரண்டு நாள் இருக்கிறது. விடுதிக்குப் போக அவருக்கு டாக்சி பிடித்துக் கொடுத்தேன். ஏறும்போது சொன்னார்: நாளைக்கும் காஞ்சிபுரம் போகிறாராம். நஸ்ரீன் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்களாம். தோட்டத்திலிருந்து கிளம்பும்போது, நான் பார்க்காத நேரத்தில் நஸ்ரீன் கையாலும் கைபேசியாலும் சொல்லியிருக்க வேண்டும். நான் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன்.

"முத்திரைக்கு எட்டு மணிக்கு வாருங்கள். காஞ்சிபுரத்துக்கு நீங்கள் வேண்டாம். டேவிட் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவான்" என்றார்.

அது கோபமா, என்னைப் பற்றியதே இல்லையா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். இருபது வருடத்தில் எத்தனையோ பேரை விமான நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கும், மருத்துவமனையிலிருந்து விமான நிலையத்துக்கும் அழைத்துப் போயிருக்கிறேன். ஒரு மணி நேரம் நான் பக்கத்தில் இல்லாவிட்டால் தவித்துப்போவார்கள். கழிவறை எங்கே என்று கேட்கக்கூட அழைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு முத்திரையைப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஏதாவது சொல் தெரியாமல் காஞ்சிபுரத்திலிருந்து யாராவது கூப்பிடுவார்கள் என்று கைபேசியைச் சார்ஜில் போட்டுப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். மாலைவரை யாரும் கூப்பிடவில்லை.